பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் சரி. கழுத்து இறுக்கமும் நித்திரையின்மையும் மட்டும் போகவில்லை. இது மன அழுத்தம்தானா?

கேள்வி: வளவுக்காரி (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன்; மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூத்த மகள் இம்முறை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள், இளையவன் ஆறாம் தரத்தில் படிக்கிறான், நீரிழிவு நோயுள்ள அம்மா எங்களோடு இருக்கிறார். வீடு எனக்குச் சீதனமாக வந்தது. மேல்மாடி வேலை பாதியில் நிற்கிறது, அதற்காக எடுத்த வங்கிக் கடன் மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

சில மாதங்களாகப் பிடரியிலிருந்து தோள் வரைக்கும் இறுக்கமாக இருக்கிறது. பின்னேரங்களில் நெற்றியிலும் இரண்டு பொட்டுகளிலும் அழுத்துகின்ற தலைவலி வருகிறது. உடல் களைத்திருந்தாலும் இரவு படுத்தவுடன் நித்திரை வருவதில்லை. வந்தாலும் அதிகாலை மூன்று மணியளவில் விழிப்பு வந்து, மறுநாள் செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாக மனத்தில் வரத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் பொறுத்துக்கொண்ட சின்ன விடயங்களுக்கும் இப்போது பிள்ளைகள்மீது சீறி விழுகிறேன். குடும்ப வைத்தியர் இரத்தம், சீனி, தைரொயிட், இரத்த அழுத்தம் அனைத்தையும் பரிசோதித்தார். கண்ணையும் காட்டச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கின்றன என்றும், இது மன அழுத்தத்தால் வருவது என்றும், கொஞ்சம் ஓய்வாக இருங்கள் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கேதான் எனக்கு விளக்கம் தேவைப்படுகிறது. மனத்தில் உள்ள ஒன்று கழுத்தில் எப்படி வலிக்கும்? இது ஒரு நோயா, அல்லது என்னுடைய மனத்தைரியக் குறைவா? வீட்டில் பெரியவர்கள் "மனசை விட்டிடாதே, மாமாங்கத்துக்கு ஒருக்காப் போயிட்டு வா" என்கிறார்கள். அந்தக் கோயிலுக்குப் போனேன், அங்கே இருந்த நேரம் ஆறுதலாக இருந்தது, பஸ்ஸில் திரும்பி வரும்போதே பழைய கணக்குகள் வந்து சேர்ந்துவிட்டன. ஓய்வு எடுங்கள் என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அம்மாவையோ, பிள்ளைகளையோ, கடனையோ, அலுவலகத்தையோ இறக்கி வைக்க முடியாத ஒருத்திக்கு அந்த ஓய்வு எந்த மணித்தியாலத்தில் இருக்கிறது? அனுபவமோ பயிற்சியோ உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

பதில் 1: எழுவான்கரை அக்கா (ஓய்வுபெற்ற உளவளத்துணை உத்தியோகத்தர்)

தங்கச்சி, முதலில் உங்கள் வைத்தியர் செய்தது சரியான ஒழுங்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, பார்வைக் குறைபாடு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் இதே முறைப்பாடுகளைத் தரக்கூடும் என்பதால், அவற்றை விலக்கிப் பார்க்காமல் எதையும் மன அழுத்தம் என்று முத்திரை குத்தக் கூடாது. அவர் தொடக்கத்தைச் சரியாகச் செய்துவிட்டு, விளக்கத்துக்கு நேரம் ஒதுக்காமல் விட்டுவிட்டார். வெளிநோயாளர் பிரிவில் வரிசையாக ஆட்கள் காத்திருக்கும்போது அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது.

உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். மூளை ஒன்றை ஆபத்து என்று கணித்த மறுகணமே, உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புத் தொகுதி வேலை செய்யத் தொடங்குகிறது. சிறுநீரகங்களுக்கு மேலே அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகள் அதிரினலினை வெளிவிடுகின்றன. இதயம் விரைவாகத் துடிக்கிறது, ஈரல் தன்னிடமுள்ள சீனியை இரத்தத்தில் விடுகிறது, குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, ஓடவோ எதிர்க்கவோ தசைகள் இறுகித் தயாராகின்றன. அடுத்த சில நிமிடங்களில் மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதி, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வழியாக அதே அதிரீனற் சுரப்பிகளுக்கு இன்னொரு கட்டளையை அனுப்ப, கோர்ட்டிசோல் என்ற ஓமோன் சுரந்து அந்தத் தயார்நிலையை நீடிக்கச் செய்கிறது. வோல்ட்டர் கெனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதன் முதற்பாதியை விளக்கிவிட்டார். 1936 இல் மொன்றியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே, எலிகளைக் குளிரிலும் காயத்திலும் கடும் உழைப்பிலும் வைத்துப் பார்த்தபோது, காரணம் எதுவாக இருந்தாலும் உடல் ஒரே விதமாகவே மாறுவதைக் கண்டார்: அதிரீனற் சுரப்பிகள் பெருத்திருந்தன, இரைப்பையில் புண்கள் இருந்தன. முதலில் எச்சரிக்கை நிலை, பிறகு தாக்குப்பிடிக்கும் நிலை, அதுவும் நீண்டுவிட்டால் களைத்து விழும் நிலை என்று மூன்று கட்டங்களாக அவர் அதைப் பிரித்தார்.

இதில் உங்களுக்கு முக்கியமானது, இந்த ஏற்பாடு குறுகிய நேரத்துக்கானது என்பதே. பாம்பைக் கண்டு விலகியதும் அது அடங்கிவிட வேண்டும். உங்கள் வாழ்க்கையில் பாம்பு இல்லை. கடன் தவணையும், அம்மாவின் கிளினிக் திகதியும், மேலதிகாரியின் குறுஞ்செய்தியும், மகளின் பாடத்திட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உடலுக்கு அவற்றின் வேறுபாடு தெரியாது. மழைக்குத் திறந்த உன்னிச்சைக் குளத்தின் வான்கதவை மழை விட்ட பிறகும் மூடாமல் விட்டால் வறண்ட காலத்துச் சிறுபோக நெற்செய்கைக்கு என்ன மிஞ்சும்? அடங்காத தயார்நிலையும் அப்படித்தான் உடலின் இருப்பைக் கரைக்கிறது. நாள் முழுவதும் அரைகுறையாக இறுகியே இருக்கும் கழுத்துத் தசையும் தோள் தசையும் மாலையில் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி தலைக்கு ஏறும். கோர்ட்டிசோல் இயல்பாக நள்ளிரவை ஒட்டிக் குறைந்திருந்து விடியலை நோக்கி உயரும் ஓமோன். ஆகவே அதிகாலையில் உடல் விழிப்பை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும் வேளையில், ஏற்கெனவே பதற்றத்தில் உள்ளவருக்கு நித்திரை கலைவது எளிது. இது மனத்தைரியக் குறைவு அல்ல. இந்த நிலையில் இது நோய் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கவனியாமல் விட்டால் நோய்க்கு வழி திறக்கும்.

என்ன செய்யலாம்? ஒரு கொப்பியை எடுத்து உங்களை அழுத்தும் எல்லாவற்றையும் எழுதுங்கள். மனத்தில் இருக்கும்போது அவை எண்ணிக்கையற்றவை போலத் தோன்றும். தாளில் வந்தால் அவற்றுக்கு ஒரு முடிவு உண்டு. பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும், இதை முடிவு செய்வது நானா, வேறொருவரா, எவருமே இல்லையா என்று குறியுங்கள். நீங்கள் முடிவு செய்யக்கூடியவற்றுக்கு அடுத்த படி என்ன என்று ஒரே ஒரு வரி போதும்: "மேல்மாடி" என்பது படி அல்ல, "வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டலாமா என்று கேட்பது" என்பது படி. எவருடைய கையிலும் இல்லாதவற்றை அதிகாலை மூன்று மணிக்குப் பதிலாகப் பின்னேரம் ஒரு குறித்த நேரத்தில் அமர்ந்து, கொப்பியோடு யோசியுங்கள். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் இது உளவளத்துணையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை. இரவில் அந்த எண்ணம் வரும்போது, இதற்கு நாளை நேரம் இருக்கிறது என்று மனத்துக்குச் சொல்ல அது ஓர் ஆதாரமாகிறது.

உடலுக்கும் தனியாக ஒன்று செய்ய வேண்டும். பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் தோள்களைக் காதுவரை உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, பின்பு முற்றாகத் தளரவிடுங்கள். கைமுட்டி, தாடை, நெற்றி என்று அதே விதமாகச் செய்யுங்கள். இறுக்கிப் பார்த்தால்தான் தளர்வு எது என்று தசைக்குத் தெரியும். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குக் கொண்டுவந்தால், இதயத் துடிப்பைத் தணிக்கும் பராபரிவு நரம்புகள் வேலை செய்யத் தொடங்கும். தேநீரையும் கோப்பியையும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு விட்டுப் பாருங்கள். குடித்த கஃபீனில் பாதி கழிவதற்கே பெரும்பாலானோருக்கு ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகிறது.

இன்னுமொன்று, கொஞ்சம் தனிப்பட்டதாக இருந்தால் மன்னியுங்கள். நம்முடைய ஊர்களில் மகள்மாருக்கே வீடு போகிறது, அவர்கள் தாயின் வளவைச் சுற்றியே குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஆள் இரண்டு வேலிக்கு அப்பால் இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் தாய் எந்த மகளோடு இருக்கிறாரோ, அந்த மகளே எல்லாவற்றையும் பார்ப்பாள் என்று மற்றவர்கள் பேசாமலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். உங்களுக்குச் சகோதரிகள் உண்டா? அம்மாவின் கிளினிக்கை யார் கொண்டுபோவது என்று எப்போதாவது வாய்திறந்து கேட்டிருக்கிறீர்களா?

பதில் 2: வாடிக்காரன் (படுவான்கரை)

அக்கா எழுதிய உடல் விளக்கத்தில் குறை காணுமளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மூச்சை மெதுவாக விடு, தோளைத் தளர்த்து என்று சொல்லும்போதெல்லாம், பிரச்சினை அந்த மனிதனுக்குள்ளே இருக்கிறது என்பது போன்ற ஓர் எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடுகிறது. எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், கதிர் முற்றும் காலத்தில் இரவிரவாக வயல் வாடிக் குடிசையில் யானைக்குக் காவல் இருக்கிறோம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். அந்த வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் டீசலுக்கு வரிசை. இவற்றில் எதுவும் என் மனம் உண்டாக்கியது அல்ல.

எனக்கும் நித்திரை கெட்டது, கை நடுங்கியது, வீட்டில் எல்லோரோடும் சண்டை. அதை மாற்றியவை இரண்டு காரியங்கள். ஒன்று, பக்கத்து வயல்காரர்களோடும் வயல் காரியங்களை மேற்பார்க்கும் வட்டை விதானையாரோடும் கதைத்து, எல்லோரும் எல்லா இரவும் விழித்திருப்பதை விட்டு முறை வைத்துக் காவல் இருக்கத் தொடங்கினோம். முறை இல்லாத இரவில் கைத்தொலைபேசியையும் எடுக்காமல் படுத்துவிடலாம் என்ற நிச்சயம் இருந்தது. மற்றது கடன். வாரத் தவணைக் கடன், நகை அடகு, உரக்கடைப் பாக்கி எல்லாவற்றையும் மனைவியோடு இருந்து வட்டி வீதப்படி எழுதினோம். அதுவரை அவளுக்குப் பாதிக்குமேல் தெரியாது. வட்டி கூடியதை முதலில் அடைப்பது என்று முடிவு செய்து, தனியாரிடம் இருந்த நகையை மீட்டு, வட்டி குறைந்த வங்கி அடகுக்கு மாற்றினோம். கடன் குறையவே இல்லை, ஆனால் வீட்டுக்குள் ஒளித்து ஒளித்துத் தொலைபேசி பேசுவது நின்றது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் நித்திரை வரவில்லை என்றால் சாராயம், அதற்கும் வசதி இல்லை என்றால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம். குடித்தவுடன் கண் சொக்கும்; நடுச்சாமத்துக்குப் பிறகு நித்திரை துண்டு துண்டாகிவிடும். மறுநாள் இன்னும் மோசமாக எழும்புவோம், அதற்கு மறுபடியும் அதே மருந்து.

தங்கச்சிக்கு நான் சொல்வது: வங்கிக்குப் போய்க் கதைப்பதை முதலில் செய்யுங்கள். மூச்சு எங்கேயும் போகாது.

பதில் 3: எழுவான்கரை அக்கா

தம்பி வாடிக்காரன் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் போல்க்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984 இல் எழுதியதும் இதற்கு அருகில் வருகிறது: நெருக்கடியைச் சமாளிப்பதில் பிரச்சினையையே மாற்றும் வழி ஒன்று, பிரச்சினை எழுப்பும் உணர்வைக் கையாளும் வழி இன்னொன்று. மாற்றக்கூடிய இடத்தில் முதலாவது பலன் தரும்; மாற்ற முடியாத இடத்தில் இரண்டாவதுதான் கைகொடுக்கும். யானைக் காவலை முறை வைத்தது முதலாவது வகைக்கு நல்ல உதாரணம், இதை என்னுடைய பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கிடைக்கவில்லையே என்று நினைக்கிறேன்.

ஆனால் மூச்சை இறுதிக்குத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. பதறிக்கொண்டிருப்பவருக்குக் கணக்குப் பார்க்க வராது. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு வங்கி முகாமையாளரின் முன்னால் போய் இருந்தால், ஒன்றில் அழுகை வரும், அல்லது கோபம் வரும். உடலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு போனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வரலாம். இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை.

பதில் 4: கரையோரத்தான் (திருக்கோவில்)

எங்கள் பக்கத்து நிலைமையையும் எழுதலாம் என்று தோன்றியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியைக் கடற்கரையில் கண்டவர்களுக்கு அன்றாட அழுத்தம் என்பது வெறும் அன்றாடத்தோடு நிற்பதில்லை. கடல் இரைச்சல் கொஞ்சம் மாறினால், வானொலியில் தாழமுக்கம் என்று சொன்னால், நடுவயது கடந்தவர்கள் எல்லோரும் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் ஒரு பையில் போடத் தொடங்குகிறார்கள். என் தாய்க்கு 1978 நவம்பரில் அடித்த சூறாவளியும் அதே வரிசையில் இருக்கிறது. கூரைத் தகரம் காற்றில் அடித்தாலே எழுந்து நிற்பார். நடுவில் யுத்தம் வேறு. இளம் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கேள்வி கேட்ட சகோதரிக்குச் சாதாரண தரம் எழுதும் மகள் இருப்பதைப் பார்த்தால் அவரும் இவற்றில் சிலவற்றைச் சிறுவயதில் கண்டிருப்பார். கார்த்திகை, மார்கழியில் இறுக்கம் கூடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு உதவியது: மழைக்காலம் தொடங்குமுன்பே பையை ஆயத்தம் செய்து, எங்கே போவது, யார் அம்மாவைத் தூக்குவது என்று கதைத்து முடித்துவிடுவோம். வானிலைச் செய்தியைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மட்டும் கேட்பது. முகநூலில் யாரோ போடும் பழைய வெள்ளப் படங்களை அம்மாவுக்குக் காட்டுவதில்லை.

பதில் 5: சம்மாந்துறை ஆசிரியை

வணக்கம் சகோதரி. மகள் சாதாரண தரத்துக்குத் தோற்றுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றவற்றை அறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள்.

வகுப்பறையில் நான் காண்பது, பரீட்சைப் பயத்தில் பாதி வீட்டிலிருந்து பிள்ளையோடு நடந்து வருகிறது என்பதே. தாய் வாயால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்; ஆனால் பிள்ளை புத்தகத்தை மூடினால் தாயின் முகம் மாறும், அது போதும். பாடசாலை முடிந்து ரியூசன், ரியூசன் முடிந்து இன்னொரு ரியூசன், இரவு பதினொரு மணிக்கு வீட்டுப்பாடம், காலை நாலரைக்கு எழுப்புதல் என்று ஓடும் பிள்ளைகள் என்னுடைய முதற் பாடவேளையில் கண்ணைத் திறந்தபடி தூங்குகிறார்கள். அந்த வயதினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை தேவை. பகலில் படித்தது நினைவில் நிலைப்பதற்கு நித்திரை அவசியம் என்பதால், நித்திரையைக் குறைத்துப் படிப்பது பெரும்பாலும் வீண் வேலை. கொஞ்சப் பதற்றம் படிப்புக்கு நல்லதே. எர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் 1908 இலேயே சுண்டெலிகளை வைத்து, தூண்டல் ஓரளவு வரையில் கற்றலுக்கு உதவி, கடினமான வேலையில் அந்த அளவைத் தாண்டியதும் அதைக் கெடுப்பதைக் காட்டினார்கள். உங்கள் மகள் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே வெள்ளத்தால் சில நாட்களுக்கு அதை நிறுத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் தவித்துப்போனார்கள். அந்த நாட்களில் புதிதாக எதையும் திறக்காமல், அடுத்த வினாத்தாளின் பழைய குறிப்பை மட்டும் பார்த்து, வீட்டு வேலைக்கும் கைகொடுத்த பிள்ளைகள் திரும்ப மண்டபத்துக்கு வந்தபோது நிதானமாக இருந்தார்கள். நாள் முழுக்க "எப்ப வைப்பாங்க" என்று வாட்ஸ்அப் பார்த்தவர்கள் வாடிப்போய் வந்தார்கள். ஆகவே வீட்டில் இரவு ஒரு நேரத்துக்குப் பிறகு மகளும் நீங்களும் சேர்ந்தே தொலைபேசியை ஒதுக்கிவையுங்கள். பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத் தாய் பார்த்துக்கொண்டிருந்தால் அது நடக்காது.

வளவுக்காரி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. அக்கா சொன்னபடி கொப்பியில் எழுதினேன். நான் முடிவு செய்யக்கூடியவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தன. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. எனக்கு இரண்டு வளவு தள்ளி மூத்த அக்கா இருக்கிறார். அம்மாவின் கிளினிக்கைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை, நீயே பார்த்துக்கொள்கிறாய் என்று அவர் நினைத்திருந்தாராம். இனி மாதக் கிளினிக்குக்கு அவர் கொண்டுபோகிறார். வங்கிக்கு இன்னும் போகவில்லை.

கரையோரத்து அண்ணன் கேட்டதும் உண்மை. மழைக்காலத்தில்தான் இது கூடியது, நான் அதைப் பரீட்சைக் காலத்தோடு மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. நித்திரைக்கென்று உறவினர் ஒருவர் தான் பாவிக்கும் மாத்திரையில் சில தந்தார். இடையிடையே போட்டேன், நித்திரை வந்தது. இதைத் தொடரலாமா? அடுத்தது, இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டுமா? அங்கே இருக்கையில் தெரிந்தவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது, அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

பதில் 6: எழுவான்கரை அக்கா

மாத்திரையைத் தொடர வேண்டாம், தங்கச்சி. அதன் பெயரை இங்கே கேட்கவும் மாட்டேன். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப வைத்தியரிடமே போங்கள். நித்திரைக்கென்று வழங்கப்படும் மாத்திரைகளில் பல, சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடல் அவற்றுக்குப் பழகி, இல்லாமல் நித்திரை வராத நிலையை உண்டாக்கக்கூடியவை. நீங்கள் இடையிடையேதான் போட்டதாகச் சொல்கிறீர்கள். ஆனால் இதை வாசிக்கும் வேறு எவராவது நாள்தோறும் நெடுங்காலமாகப் போட்டுக்கொண்டிருந்தால், திடீரென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். உங்கள் உறவினருக்கும் இதைச் சொல்லுங்கள்.

உளநலப் பிரிவு பற்றிய பயம் எனக்குப் புதிது அல்ல. அந்த வாசலுக்கு வெளியே வாகை மர நிழலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். முதலில், உடனே அங்கே போக வேண்டும் என்பது இல்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அரச உத்தியோகத்தரான நீங்கள் செயலகத்துக்குப் போவதை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருந்தாலோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் விருப்பம் அற்றுப்போனாலோ, சாப்பாடு விலகினாலோ, சமையலோ அலுவலக வேலையோ செய்ய முடியாமற் போனாலோ, அது அன்றாட அழுத்தத்தைத் தாண்டி மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும்; அப்போது வைத்தியரையே பார்க்க வேண்டும். கரையோரத் தம்பி எழுதியதைப் போன்று, பழைய அனர்த்தங்கள் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்து உலுக்கினாலும் அப்படியே. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் சொல்பவை வைத்தியருக்கும் உங்களுக்கும் இடையில் இருக்க வேண்டியவை, அலுவலகத்துக்கு அறிவிக்கப்படுவன அல்ல. காத்திருக்கும் வரிசையில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டால், அவரும் எதற்கோதான் அங்கே வந்திருக்கிறார்.

வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் ஒரு கணமாவது வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராதீர்கள்: வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். உங்களுக்கு அப்படி இருப்பதாக நான் நினைக்கவில்லை. வாசிப்பவர்கள் பலர் என்பதால் எழுதுகிறேன்.

பிறகு, நடை. பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு நடப்பதும் அதில் சேரும்.

வளவுக்காரி

மாத்திரை அட்டையைக் கைப்பையில் வைத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை வைத்தியரிடம் காட்டுகிறேன். ஒன்று மட்டும் கைவரவில்லை: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கும் மேலதிகாரி விபரம் கேட்கிறார். பதில் போடாவிட்டால் மறுநாள் காலையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். தொலைபேசியை ஒதுக்கிவைக்க ஆசிரியை சொன்னது நல்ல வழிதான், ஆனால் இதற்கு என்ன செய்வது?

பதில் 7: வாடிக்காரன் (படுவான்கரை)

உங்களைப் போல அந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேர் இரவில் விழித்திருக்கிறார்கள்? தனியாகப் போய்ச் சொன்னால் அது முறைப்பாடு ஆகிவிடும். நாலைந்து பேராகப் போங்கள். அவசரமென்றால் அழைப்பு எடுங்கள், எந்நேரமும் பதில் சொல்வோம், மற்ற விபரங்களைக் காலை எட்டரைக்குள் தருகிறோம் என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் விதானையாரிடமும் அப்படித்தான் போனோம். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு முறை அட்டவணையைத் தானே எழுதித் தந்தார்.

பதில் 8: சம்மாந்துறை ஆசிரியை

அதுவரைக்கும் குழுவின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவைத்து, மேலதிகாரியின் இலக்கத்துக்கு மட்டும் தனி அழைப்பு ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி படுக்கையறையில் வேண்டாம், முன்மண்டபத்தில் இருக்கட்டும். உண்மையான அவசரம் என்றால் அழைப்பு எடுப்பார்; அது உங்களுக்குக் கேட்கும்.